வீட்டுத் தோட்டத்துக்கு ஓணானும் அரணையும் திரும்பி வர என்ன செய்யலாம்?

புதுமனை, திருச்சி:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சிக்கு வெளியே ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டிக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. கட்டடம், கார் நிறுத்த இடம், போர்வெல் எல்லாம் போகப் பின்பக்கம் ஒன்றேகால் சென்ட் மண் மிச்சம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு செம்பருத்தி இருக்கின்றன. மீதி இடத்தில் கத்தரி, வெண்டை, கொத்தவரை என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

மனை வாங்கின புதிதில் இங்கே ஆவாரையும் சீமைக் கருவேலமும் மண்டிக் கிடந்தன. அளவு கல் நட வந்த அன்று நானே எண்ணினேன், கண்ணுக்கு எட்டின தூரத்தில் ஏழு ஓணான், ஒவ்வொன்றும் ஒரு செடியின் உச்சியில். அப்புறம் ஜேசிபி விட்டு எல்லாவற்றையும் வழித்துப் போட்டு, சுற்றுச்சுவர் எழுப்பி, நடைக்கு பேவர் பிளாக் பதித்தோம். அந்த ஏழும் எங்கே போயின என்று அப்போது நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போது வெண்டை இலையை வெட்டுக்கிளி சல்லடையாக்கும்போது அந்த நினைப்பு வந்து உறுத்துகிறது. ட்யூப்லைட் பக்கத்தில் இரண்டு பல்லி, இன்று இந்த வீட்டில் இருப்பது அவ்வளவுதான். மகளுக்கு ஆறு வயது. ஓணானைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

பக்கத்து ஏரிக்கரையில் ஓணான் நிறைய உண்டு. இரண்டு மூன்றைப் பிடித்து வந்து விட்டால் தங்குமா? அரணையும் வந்தால் நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் அம்மா "அரணை நக்கினால் மரணம், குழந்தை இருக்கிற வீடு" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? பக்கத்து வீட்டில் இரண்டு பூனைகள் வேறு. இவற்றைத் தின்னப் பாம்பு வருமா என்பது மனைவியின் பயம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


கொரங்காடு, காங்கேயம்:

வணக்கங்க. முதல் கேள்விக்கு முதலில் பதில், தயவுசெய்து பிடித்து வந்து விடாதீர்கள். காலை வெயில் எந்தக் கிளையில் முதலில் விழும், காக்கை எந்தப் பக்கமிருந்து இறங்கும், ஓடி ஒளிய எந்தப் பொந்து என்பதெல்லாம் ஓணானுக்கு அது பிறந்து வளர்ந்த இடத்தில்தான் தெரியும். புது இடத்தில் விட்டால் ஒளிவிடம் தெரியாமல் வெட்டவெளியில் அலையும், ஒரே நாளில் அந்த இரண்டு பூனைகளும் முடித்துவிடும். ஏரிக்கரையில் இருக்கிறது என்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. இடம் சரியானால் அங்கிருந்து தானாக வரும்.

எங்கள் பக்கம் மேய்ச்சல் நிலத்தைக் கொரங்காடு என்போம். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள் கிளுவை வேலி. அந்தக் கிளுவை வேலி நெடுக ஓணான் இருக்கும். ஆண் ஓணான் உச்சிக் கிளையில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டித் தண்டால் எடுக்கும், அது அடுத்த ஆணுக்கு "இது என் இடம்" என்று சொல்வது. கோடையில் இனப்பெருக்கம் தொடங்கும்போது அதன் தலையும் தோளும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும், தொண்டையில் இரண்டு பக்கமும் கறுப்புத் திட்டு வரும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் ஓணான் தூரத்தில் இருந்தே இரத்தத்தை உறிஞ்சும் என்று கதை கட்டிவிட்டார்கள். போட்டி முடிந்தாலோ பயந்தாலோ சில நிமிடத்தில் சிவப்பு வடிந்து பழைய மண் நிறத்துக்கு வந்துவிடும்.

ஆக உங்களுக்கு முதலில் வேண்டியது வேலி. "ஓணான் வேலிக்கு இழுக்கும், தவளை தண்ணிக்கு இழுக்கும்" என்பது சும்மா சொன்னதில்லை. சுற்றுச்சுவரை இடிக்கச் சொல்லவில்லை, அதன் உள்பக்கம் ஓரடி தள்ளி நெருக்கமாக நொச்சி, ஆடாதொடை, மருதாணி, இட்லிப்பூ என்று கலந்து நடுங்கள். ஆடாதொடையை ஆடு தின்னாது, அதிகம் தண்ணீரும் கேட்காது. இடுப்பு உயரத்துக்குக் கீழே கிளையைக் கழிக்க வேண்டாம், அடியில் அடர்ந்து கிடந்தால்தான் ஒளிவிடம். சுவர் பூச்சு வழவழவென்று இருந்தால் ஓணானால் சரியாக ஏற முடியாது, அந்தப் பக்கத்தில் இருந்து ஏறி வர ஒரு கொடியையோ சொரசொரப்பான மரக்கட்டையையோ சாய்த்து வையுங்கள்.

இரண்டாவது பூச்சிமருந்து. இது ரொம்ப முக்கியம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஓணானும் அரணையும் உயிரோடு அசைகிற பூச்சியைத் தின்று வாழ்கிறவை. மருந்தடித்தால் இரண்டு வழியில் போகும், ஒன்று தின்னப் பூச்சியே இருக்காது, மற்றொன்று மருந்து பட்டுத் தள்ளாடும் வெட்டுக்கிளியைத் தின்றுவிட்டு இதுவும் சாகும். வேரில் போடுகிற குருணை மருந்து இன்னும் மோசம், மண்ணைக் கிளறித் திரிகிற அரணைக்கு நேராகப் போய்ச் சேரும். நானும் ஒரு காலத்தில் கறையானுக்கு மருந்து ஊற்றியவன்தான். மழைக்குப் பின் ஈசல் கிளம்புகிற சாயங்காலம் எங்கள் வாசலில் திருவிழா மாதிரி பல்லியும் ஓணானும் கூடும், ஊற்றிய வருடம் ஈசலும் இல்லை, வாசலும் வெறிச்சென்று கிடந்தது. இன்று வரைக்கும் அது எனக்கு வருத்தம்தான். வெட்டுக்கிளியை முதல் வருடம் கையால் பொறுக்குங்கள், வெண்டை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

மூன்றாவது சருகு. முருங்கை இலையையும் செம்பருத்திச் சருகையும் கூட்டிக் கொளுத்தாதீர்கள். செடிக்கடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள். அரணை வாழ்வது அதற்குள்தான். வண்டு, கரப்பான் குஞ்சு, சிலந்தி, புழு எல்லாம் அங்கே இருக்கும், அதைத் தின்ன அரணை வரும். வெயில் காய ஒரு தட்டைக் கல்லைக் கிழக்கு வெயில் விழும் இடத்தில் போடுங்கள், பக்கத்திலேயே உடைந்த மங்களூர் ஓடு நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் கல்மேல் உடம்பைப் பரத்திக்கொண்டு கிடக்கும், வெண்கலப் பாத்திரத்தைத் தேய்த்து வைத்த மாதிரி முதுகு மினுங்கும். உங்கள் நிழல் பட்டதும் ஓட்டுக்குள் போய்விடும்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அரணைக்கு நஞ்சே கிடையாது. நக்கினாலும் கடித்தாலும் ஒன்றும் ஆகாது. மனிதரைக் கொல்லும் நஞ்சுள்ள பல்லி இனம் எதுவும் இந்தியாவில் இல்லை. அரணை பாம்பு மாதிரி மினுங்கி நெளிந்து ஓடுவதைப் பார்த்து வந்த பயம் அது. எங்கள் அப்பத்தா அரணை கடிக்க வருமாம், வந்த வேலை மறந்து திரும்பிப் போய்விடுமாம் என்பார், அதைக் கேட்டுத்தான் எங்களுக்குப் பயம் தெளிந்தது.


மாடித்தோட்டம், சென்னை:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், எலி பிடிக்கும் பசை அட்டையைத் தோட்டத்துப் பக்கம் கொண்டு போகவே போகாதீர்கள். போன ஐப்பசியில் மாடிப்படிக்கடியில் ஒரு அட்டை வைத்தேன். காலையில் எலி இல்லை, ஒரு அரணையும் இரண்டு பல்லியும் ஒட்டிக் கிடந்தன. ஒரு பல்லி ஏற்கெனவே செத்திருந்தது. அரணை இழுத்து இழுத்து வாலை அறுத்துக்கொண்டு, அறுந்த வால் தனியாக ஒட்டியபடி கிடந்தது. சமையல் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஒவ்வொரு காலாக, ஒவ்வொரு விரலாக நனைத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. தோலைப் பிடித்து இழுக்கக் கூடாது, எண்ணெய் ஊறிப் பசை தானாக விட வேண்டும். அப்புறம் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் எண்ணெய் போகக் கழுவி, ஒரு அட்டைப் பெட்டிக்குள் அரை நாள் இருட்டில் வைத்திருந்து மாடித் தொட்டிக்குள் விட்டேன். வால் திரும்ப முளைக்கும். ஆனால் உடம்புக் கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும், அது போனால் பசிக்காலத்துக்குச் சேமிப்பு இல்லை. சிறு பிள்ளைகளிடம் வாலைப் பிடித்து விளையாட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

பல்லி இரண்டுதானா என்று கேட்காதீர்கள், அவையும் நம்மவைதான். எங்கள் மீட்டர் பெட்டிக்குள் வருடா வருடம் இரண்டு வெள்ளை முட்டை இருக்கும், சுண்ணாம்பு மாதிரி கெட்டி ஓடு. நாங்கள் தொடுவதில்லை.

தண்ணீர் டிரம், வாளி எதையும் திறந்து வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளே ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து வையுங்கள், விழுந்த பல்லி ஏறி வந்துவிடும்.


சாரை, செங்கல்பட்டு:

பாம்பு பிடிக்கக் கூப்பிட்டால் போகிறவன் நான், பதினைந்து வருடமாக. அதனால் உங்கள் மனைவியின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஓணான், பல்லி, அரணையைத் தின்னும் பாம்புகள் உண்டு என்பது உண்மை. இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. பச்சைப் பாம்பும் கொம்பேறி மூக்கனும் ஓணானைத் தேடும், சுவரில் ஏறுகிற ஓநாய்ப் பாம்பு பல்லியைத் தேடும். இந்த மூன்றாலும் மனிதருக்கு ஆபத்து இல்லை. ஆனால் கட்டுவிரியனும் சுருட்டை விரியனும் அரணை, பல்லி கிடைத்தால் விடாது. ஆகவே கொரங்காடு அண்ணன் சொன்ன ஓட்டு அடுக்கு, கல், சருகு இவற்றில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. செய்யுங்கள், ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டிச் செய்யாதீர்கள். பின்கதவில் இருந்து குறைந்தது பதினைந்து அடி தள்ளி, மனையின் கடைக்கோடியில் வையுங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடிக்குச் சருகு இல்லாமல் கூட்டிச் சுத்தமாக இருக்கட்டும். இரவில் டார்ச் இல்லாமல் பின்பக்கம் போக வேண்டாம், வாசல்படியில் செருப்பை உதறிப் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டைப் புரட்டுவதாக இருந்தால் வெறும் கையால் புரட்டாதீர்கள், தேளும் அங்கேதான் குடியிருக்கும்.

பதினைந்து வருடத்தில் என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலும் நான் பார்த்தது எலிதான். கோழித் தீவனம், சிந்திய அரிசி, மூடாத குப்பைத் தொட்டி, பழைய சாமான் அடைந்த ஷெட். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் சாரையும் எலியைத் தேடித்தான் வரும். எலிக்கு வழி அடையுங்கள். ஓணானுக்காகப் பயந்துகொண்டு எலியை வளர்க்கிற வீடுகள் ஏராளம்.

உடும்பு வந்தாலும் வரும், ஏரி பக்கம் என்கிறீர்களே. யாரும் தொடக் கூடாது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் பட்டியலில் இருக்கிற உயிர், புலிக்கு என்ன பாதுகாப்போ அதற்கும் அதே. பிடித்தால் சிறை.


கதியால், யாழ்ப்பாணம்:

வாசித்துக்கொண்டு வர எங்களுடைய பழைய வளவு கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. இங்கே எல்லை என்றால் வேலிதான். கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை, அதாவது வேர் பிடிக்கிற வேலித் தடிகளை, மழைக்கு முன் நட்டு, பனையோலையால் அடைப்போம். வருடம் ஒருக்கால் வேலி அடைப்பு நடக்கும், பழைய ஓலையைப் பிரிக்கப் பிரிக்க ஓணானும் அரணையும் நாலு பக்கமும் ஓடும். பிறகு எல்லோரும் மதில் கட்டினார்கள். எங்கள் ஒழுங்கையில் (சிறு தெருவில்) இப்போது முழுக்க மதில்தான், ஓணானைக் காண வேண்டுமென்றால் கோயில் வீதிப் பக்கம் போக வேண்டும்.

கதியால் போடுகிற வழி உங்களுக்கு உதவலாம். கிளுவையில் பெருவிரல் மொத்தத்துத் தடியை நாலைந்து அடி நீளத்துக்கு வெட்டி ஓரடி ஆழத்தில் நட்டால் போதும், வேர் பிடித்துவிடும். கன்று வாங்கிக் காத்திருக்க வேண்டியதில்லை.

பூனைக்கு ஒரு யோசனை. வெட்டின முள்ளுக் கொப்புகளை, போகன்வில்லா என்றாலும் சரி, ஓட்டு அடுக்கைச் சுற்றிப் போட்டுவிடுங்கள். அரணை உள்ளே நுழையும், பூனையின் கை நுழையாது. அயல் வீட்டாரோடு சண்டை பிடித்துப் பலனில்லை, பூனைக்கு மதில் கணக்கில்லை.


புதுமனை, திருச்சி:

இவ்வளவு விளக்கமாக எழுதினதற்கு எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். அரணைக்கு மறதி என்பதை அவரும் அவருடைய அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாராம், அதோடு கொஞ்சம் இறங்கி வந்தார். சாரை அண்ணன் சொன்ன பதினைந்து அடியை அளந்து பார்த்தேன், எங்கள் மனையில் பதினெட்டு அடிதான் இருக்கிறது, கடைசி மூலையில் சரியாக இடம் கிடைக்கும். பேவர் பிளாக்கில் இரண்டு வரிசையைப் பெயர்த்து நொச்சிக்கு இடம் விடப் போகிறேன். மருந்துப் புட்டிகளை இனி வாங்குவதில்லை.

ஒரு சந்தேகம், தண்ணீர் வைக்க வேண்டுமா?


கொரங்காடு, காங்கேயம்:

ஓணான் பெரும்பாலும் இலையில் நிற்கிற துளியை நக்கித்தான் குடிக்கும். கோடையில் காலை வேளையில் செடிமேல் தண்ணீரைத் தெளித்துவிடுங்கள், அது போதும். தரையில் ஒரு மண் தட்டில் கூழாங்கல் போட்டு ஒரு விரல் உயரத் தண்ணீர் வைத்தால் அரணைக்கும் தேனீக்கும் ஆகும். கொசு வராமல் இருக்க இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஓணான் வந்தால் வெட்டுக்கிளியை மட்டும் பார்த்துத் தின்னாது. பட்டாம்பூச்சி, தேனீ, எப்போதாவது சின்னக் குருவிக்குஞ்சுகூடப் போகும். பார்த்துவிட்டு அதை விரட்டக் கூடாது.


புதுமனை, திருச்சி (ஏழு மாதம் கழித்து):

இந்த இழையை மறுபடி எழுப்புவதற்கு மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மார்கழியில் வேலையைத் தொடங்கினோம். நொச்சியும் ஆடாதொடையும் இப்போது என் தோள் உயரம். பங்குனி வரைக்கும் ஒன்றுமே வரவில்லை, உண்மையைச் சொன்னால் மனம் விட்டுப்போனது. வெண்டையும் அந்தப் போகம் பாதிதான் தேறியது. சித்திரையில் ஒரு நாள் சருகைத் தள்ளும்போது மண்புழு கனத்தில் ஒன்று ஓடியது, வால் மட்டும் ரத்தச் சிவப்பு. பாம்புக் குட்டி என்று மனைவி அலறிவிட்டார். மகள்தான் குனிந்து பார்த்து "அப்பா, இதுக்குக் கால் இருக்கு" என்றாள். நாலு குட்டிக் கால், பென்சில் முனை அளவு. அது என்ன என்று யாராவது சொன்னால் நன்று.

வைகாசி கடைசியில் நொச்சி உச்சியில் ஒரு ஆண் ஓணான் வந்து உட்கார்ந்தது. மூன்று வாரமாக அதே கிளை. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் கிளை நுனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளிறிப் போய்த் தூங்குகிறது, கிளை லேசாக ஆடினாலே கண்ணைத் திறக்கிறது.

நேற்று நடந்ததுதான் பெரிய செய்தி. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்ட ஈர மண்ணில் ஒரு பெண் ஓணான் முன்னங்காலால் தோண்டிக்கொண்டிருந்தது. நானும் மகளும் ஜன்னல் வழியாகவே பார்த்தோம். குழிக்குள் பின்பக்கத்தை இறக்கி, தலை மட்டும் வெளியே தெரிய, அசையாமல் வெகுநேரம் இருந்தது. அப்புறம் வெளியே வந்து மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் குத்திக் குத்தி அழுத்தியது. போன பிறகு பார்த்தால் எங்கே தோண்டியது என்றே தெரியவில்லை. நான் இப்போது அந்த இடத்தை என்ன செய்ய வேண்டும்? எறும்பு வருமே என்று பயமாக இருக்கிறது. முட்டையை எடுத்துப் பெட்டியில் வைக்கலாமா?


கொரங்காடு, காங்கேயம்:

எடுக்காதீர்கள் சாமி. முட்டையின் தோல் மெலிசு, எடுத்து வைக்கும்போது புரண்டுவிட்டால் உள்ளே கரு கெட்டுப்போகும். சுற்றி நாலு குச்சி ஊன்றி அடையாளம் வையுங்கள், யாரும் மிதிக்காமல், மண்வெட்டி போடாமல் இருந்தால் சரி. கறிவேப்பிலைக்கு வழக்கம்போல அளவாகத் தண்ணீர் விடுங்கள், அந்த இடம் சொதசொதவென்று ஆகக் கூடாது, அடியோடு காயவும் கூடாது. எறும்புப் பொடி வேண்டவே வேண்டாம். பத்து முதல் இருபது முட்டை வரைக்கும் இருக்கலாம், ஒன்றரை மாதம் இரண்டு மாதத்தில் பொரியும். தாய் திரும்பி வராது, குஞ்சுகள் வெளியே வந்த அன்றே தாமாக எறும்பு பிடித்துத் தின்னும்.

சிவப்பு வால் புள்ளி அரணைக் குட்டிங்க. வளர வளர அந்தச் சிவப்பு மங்கிப் போகும். குட்டி இருக்கிறது என்றால் பெரியதும் உங்கள் ஓட்டுக்கடியில்தான் இருக்கிறது.


புதுமனை, திருச்சி:

நாலு குச்சி ஊன்றியாகிவிட்டது. மகள் நாள்காட்டியில் நேற்றைய தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, ஒன்றரை மாதம் தள்ளி இன்னொரு வட்டமும் போட்டு வைத்திருக்கிறாள். காலையில் அம்மா அந்தக் குச்சிகளைச் சுற்றிக் கோலமாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தார், பால்காரர் மிதித்துவிடக் கூடாதாம்.